அம்மாவின் தேநீரில் இருந்த அதிமதுரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். என் அம்மா தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் நான்கு மணிக்கே எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) அடுப்புகள் எரியும். பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போகுமுன் அவர் குடித்த தேநீரில் தேயிலைத் தூளோடு நசுக்கிய இஞ்சி, நான்கு மிளகு, இரண்டு ஏலக்காய், ஒரு துண்டு பட்டை, வாசலில் வளர்ந்த செராய் (எலுமிச்சைப் புல்) தண்டு ஆகியவை இருக்கும். சளி பிடித்தால் துளசியும் சேரும். ரப்பர்த் தோட்டம் செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டமாகி, நாங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகும் அவர் அதை விடவில்லை.

சென்ற ஆண்டு உறவினர் ஒருவர் மூலிகைத் தேநீர்த் தூள் வாங்கிக் கொடுத்தார். சர்க்கரையே வேண்டாம், தானாகவே இனிக்கும் என்றார். அம்மாவுக்கு நீரிழிவு இருப்பதால் எங்களுக்கும் அது நல்லதாகப்பட்டது. நாளுக்கு மூன்று குவளை குடித்தார். இரண்டே மாதத்தில் கால்கள் வீங்கின. படி ஏறினால் தொடை துவண்டது. மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாதவருக்கு இரத்த அழுத்தம் 180ஐத் தொட்டது.

மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள் என்று நினைத்துத்தான் அரசாங்க கிளினிக்கிற்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த இளம் டாக்டர், "பாட்டி, வீட்டில் புதிதாக என்ன குடிக்கிறீர்கள்?" என்று தமிழில் கேட்டார். பொட்டலத்தை எடுத்து வரச் சொன்னார். பொருள் பட்டியலில் முதலாவதாக இருந்தது அதிமதுரம்.

அதற்கு இனிப்பைத் தருவது கிளைசிரைசின். நாள்தோறும் அதிகமாகச் சேர்ந்தால் அதுவே உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. அம்மாவின் இரத்தத்திலும் பொட்டாசியம் குறைந்திருந்தது. தூளை நிறுத்திய மூன்றாவது வாரம் வீக்கம் வடிந்தது. அழுத்தமும் மெல்ல இறங்கியது.

தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டு அதிமதுரத்தை மெல்லுவதை நான் குறை சொல்லவில்லை. பாட்டி காலத்துப் பழக்கம் அது. ஆனால் "பக்கவிளைவே இல்லை" என்று பொட்டலத்தில் பெரிதாக அச்சிட்டவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஒரு வரி எச்சரிக்கை போட்டிருக்கலாமே! அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

*

அக்கா, உங்கள் கடிதத்தைப் படித்தேன். நான் பீடோர் ஊரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் சிக்கல் வேறு விதமாக வந்தது. தங்கைக்கு இரத்தச்சோகை. கீரையும் பருப்பும் சாப்பிட்டும், இரும்புச்சத்து மாத்திரை எடுத்தும் தேறவே இல்லை. சோறு உண்ட கையோடு கடுந்தேநீர் குடிப்பது அவளுடைய வழக்கம். மாத்திரையையும் அதோடுதான் விழுங்குவாள். தேயிலையின் துவர்ப்பு இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது என்று தாதி சொன்ன பிறகே புரிந்தது. இப்போது சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒன்றரை மணி நேர இடைவெளி விடுகிறாள். முகத்தில் நிறம் வந்திருக்கிறது.

*

மகளே, தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன் நான். இஞ்சித் தேநீரில் பால் திரிகிறது என்று பலர் பாலைக் குறை சொல்கிறார்கள். பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. இஞ்சியை முதலில் தண்ணீரில் ஐந்து நிமிடமாவது கொதிக்க விட்டால் அது செயலிழந்துவிடும். பிறகு தேயிலை, கடைசியில் பால். பெந்தோங் ஊர் இஞ்சி என்றால் பாதி போதும், அவ்வளவு காரம். சுக்கு போடுகிறவர்களும் அளவைக் குறைக்க வேண்டும், காயும்போது இஞ்சியின் காரம் கூடிவிடுகிறது. இன்னொன்று: இரத்தம் உறையாமலிருக்க நான் மாத்திரை சாப்பிடுகிறேன். இஞ்சியை அள்ளிப் போடக் கூடாது என்று எனக்கு டாக்டர் சொல்லியிருக்கிறார். என்னைப் போன்றவர்கள் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

*

ஐயா, இன்று காலை நீங்கள் சொன்னபடியே செய்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "நான் எப்போதும் இஞ்சியைத்தான் முதலில் போடுவேன், நீ தூங்கிக்கொண்டிருப்பாய்" என்றார். தூள் வாங்கித் தந்த உறவினரிடமும் விவரத்தைச் சொன்னேன். அவர் வீட்டில் இன்னும் இரண்டு பொட்டலம் இருக்கிறதாம். அவருடைய மாமியாருக்கும் இரத்த அழுத்தம். சாயங்காலம் அங்கே போகிறேன்.