தர நேரப்படி 394 வர வேண்டும், கைக்கு வருவது 335: கணக்கில் எங்கே கோளாறு?

துளைப்பிரிவு (கேள்வி):
வணக்கம். துளையிடும் எந்திரம் ஒன்றுக்குத் தர நேரம் (ஒரு துண்டை முடிக்க ஆக வேண்டிய நேரம்) நிர்ணயிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஸ்டாப்வாட்ச் வைத்து 10 சுற்றுகள் பார்த்தேன். சராசரியாக, ஃபிக்ஸ்சரில் (துண்டைப் பிடித்து நிறுத்தும் சாதனம்) பொருத்த 14 விநாடி, எந்திரம் தானாக ஓட 40, கழற்ற 10, அளவு பார்த்து அடுக்க 8. ஆக மொத்தம் 72. ஆபரேட்டர் மெதுவாகச் செய்ததாகத் தோன்றியதால் ரேட்டிங் (இயல்பான வேகம் 100 என்று வைத்து ஆளின் வேகத்துக்குப் போடும் மதிப்பு) 85 போட்டேன், 61.2 ஆனது. 12 சதவீத அலவன்ஸ் (ஓய்வுக்கும் தாமதத்துக்கும் கூட்டும் நேரம்) சேர்த்தால் 68.5. உணவு இடைவேளை போக ஷிப்டுக்கு 27,000 விநாடி. 394 துண்டுகள் வந்தாக வேண்டும். யார் நின்றாலும் 330 முதல் 340 வரைதான் வருகிறது. மேலாளர் ஆட்களைத் திட்டுகிறார், ஆட்கள் என் கணக்கைத் திட்டுகிறார்கள். எங்கே இடிக்கிறது?

பழைய கடிகாரம்:
ஆட்களைத் திட்ட வேண்டாம் என்று முதலில் மேலாளரிடம் சொல்லுங்கள். 72 முழுவதையும் 85-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். அதில் 40 விநாடி எந்திரத்துடையது. ஊட்டமும் (முனை உள்ளே இறங்கும் வேகம்) சுழல்வேகமும் மாறாதவரை ஆபரேட்டர் எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் அது 34 விநாடியில் முடியாது. ரேட்டிங் கைவேலைக்கு மட்டும்தான். 32 விநாடியை 85 சதவீதமாக்கினால் 27.2, எந்திர நேரத்தைக் குறைக்காமல் கூட்டினால் 67.2, அலவன்ஸோடு 75.3. அப்போது 394 என்பது 358 ஆகிவிடும். பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்தது.

இன்னொன்று: பிட் (துளைக்கும் முனை) மாற்றுவது, சீவல் (துளையிடும்போது உதிரும் கழிவு) அள்ளுவது எல்லாம் எங்கே?

துளைப்பிரிவு:
60 துண்டுகளுக்கு ஒரு முறை பிட் மாற்றுகிறார்கள், 3 நிமிடம் ஆகும். 20 துண்டுகளுக்கு ஒரு முறை சீவல் அள்ள 40 விநாடி. நான் பார்த்த 10 சுற்றுகளில் இவை வரவே இல்லை.

பழைய கடிகாரம்:
பத்துச் சுற்றில் எப்படி வரும்? எப்போதாவது வரும் வேலையைத் துண்டுக்குப் பங்கிட வேண்டும். பிட்டுக்கு 180-ஐ 60-ஆல் வகுத்தால் 3, சீவலுக்கு 40-ஐ 20-ஆல் வகுத்தால் 2. 67.2-ஓடு 5 சேர்த்தால் 72.2, அலவன்ஸோடு 80.9. ஷிப்டுக்கு 333 அல்லது 334.

துளைப்பிரிவு:
அப்படியே பொருந்துகிறதே! இதையே எழுதிக் கொடுத்துவிடலாமா?

எண்ணிப்பார்:
பொறுங்கள், இந்தப் பொருத்தம் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. 334 என்பது 100 ரேட்டிங்கில் செய்பவருக்கான எண்ணிக்கை. நீங்கள் பார்த்தவர் உண்மையிலேயே 85 என்றால் அவருக்குத் துண்டுக்கு 77 விநாடி. 12 சதவீதமும் சேர்ந்தால் ஷிப்டுக்கு 313-தான் வரும். யார் நின்றாலும் 330-க்கு மேல் என்கிறீர்கள். அப்படியானால் ஒன்று, கடிகாரத்தைக் கண்டதும் அவர் கையை மெதுவாக்கியிருக்க வேண்டும் (யார்தான் மாட்டார்கள்?). அல்லது 12 சதவீதம் உண்மையில் செலவாகவில்லை; 27,000-ஐ 335-ஆல் வகுத்தால் 80.6, அது 77-ஐவிட 5 சதவீதம்கூட அதிகமில்லை. அந்த 12 எங்கிருந்து வந்தது?

துளைப்பிரிவு:
பழைய கோப்பில் இருந்தது. எல்லாப் பிரிவுக்கும் அதுவேதான்.

எண்ணிப்பார்:
அதைத்தான் அளக்க வேண்டும். மாதிரி நோக்கு முறை இதற்கென்றே இருக்கிறது. 1930-களில் டிப்பெட் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் பருத்தி ஆலைகளுக்காக உருவாக்கியது. முன்கூட்டிச் சீட்டெடுத்த நேரங்களில் போய்ப் பார்த்து, வேலை நடக்கிறதா, நிற்கிறதா, நின்றால் எதற்காக என்று குறிப்பீர்கள். நிற்பது 10 சதவீதம் இருக்கும் என்று கொண்டு, கூட்டல் கழித்தல் 3 சதவீதப் புள்ளிக்குள், 95 சதவீத நம்பிக்கையோடு தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய 385 பார்வைகள் தேவை. ஒரே ஷிப்டில் அவசரமாக முடிக்காமல், எல்லா ஷிப்டுகளிலும் பரப்பிப் பாருங்கள். தேநீர் இடைவேளையை 27,000-இலிருந்து ஏற்கெனவே கழித்திருந்தால் அலவன்ஸில் மறுபடி வைக்காதீர்கள்.

பொருத்தும் வேலைக்கு 10 அளவுகளும் போதாது. சராசரி 14, திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது) 2.1 என்று வைத்துக்கொண்டால், 5 சதவீதத் துல்லியத்துக்கு 35 அளவுகள் வேண்டும். உங்கள் அளவுகளிலிருந்து விலக்கத்தைக் கண்டுபிடித்துத் தேவையை மறுபடி கணக்கிடுங்கள்.

வழிப்போக்கன்:
ரேட்டிங் சண்டையே வேண்டாம் என்றால் எம்டிஎம் (அசைவுகளை வைத்து நேரம் கணிக்கும்) முறைக்குப் போகலாமே? 1948-இலேயே வந்தது. எட்டுவது, பிடிப்பது, நகர்த்துவது என அசைவுகளுக்கு அட்டவணை நேரம் உண்டு. ஓர் அலகு 0.036 விநாடி.

பழைய கடிகாரம்:
போகலாம். ஆனால் முறையான பயிற்சி இல்லாமல் அட்டவணையைத் தொட்டால் 85-க்குப் பதிலாக வேறு சண்டை வரும். பிட்டையும் சீவலையும் அதிலும் யாராவது மறந்துதான் போவார்கள்.

அதைவிட ஒரு கேள்வி. அளவு பார்க்கும் அந்த 8 விநாடியை, அடுத்த துண்டு ஓடும் 40 விநாடிக்குள் செய்ய முடியுமா? தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய எந்திரமா, விட்டுவிட்டுத் திரும்பலாமா?

துளைப்பிரிவு:
விட்டுவிடலாம். கதவு மூடிய எந்திரம்தான். அளவு மேசை மட்டும் சற்றுத் தள்ளி இருக்கிறது.

பழைய கடிகாரம்:
அப்படியானால் முதலில் மேசையை நகர்த்துங்கள். துளை பிசகினால் ஒரு துண்டு தாமதமாகத் தெரியும், தரப் பிரிவிடம் அதற்கு ஒப்புதல் வாங்குங்கள். ஆட்களுக்குப் புதிய முறை கை பழகட்டும், பிறகு கடிகாரத்தை எடுங்கள். இப்போதைய முறைக்கு எண் எழுதிக் கொடுத்தால் அடுத்த மாதமே திருத்த வேண்டியிருக்கும். நேரத்தை வெட்டுகிறார்கள் என்று அப்போது வரும் குரலை உங்களால் சமாளிக்க முடியாது. அதுவரை மேலாளருக்கு 394-ஐ ரத்து செய்து ஒரு குறிப்பு மட்டும் அனுப்புங்கள்.