டீமனுக்குத் தமிழ்: 'பின்னணிச் செயல்முறை' போதாது

> 'பின்னணிச் செயல்முறை' என்று ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறதே தம்பி, கண்ணில் படாமல் கணினியில் ஓயாமல் ஓடும் நிரலான டீமனுக்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஐயா, வணக்கம். அதையே வைத்துத்தான் மாட்டிக்கொண்டேன். யூஸ்நெட் என்ற பழைய இணையக் குழுக்களில் வருவதைப் பட்டியலிடும் நியூஸ்நாப் மென்பொருளை நிறுவும் முறையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். யூஸ்நெட் குழுக்களின் தலைப்புகளை இறக்கிவைக்க ஒரு பிஎச்பி நிரல். ஒரே கோப்பு நூற்றுக்கணக்கான துண்டுகளாக வந்திருக்கும். எந்தத் துண்டு எதனோடு சேரும் என்று பார்த்துப் பட்டியலில் ஏற்ற இன்னொரு நிரல். இரண்டும் மாறி மாறி நாள் முழுக்க ஓட வேண்டும். நாம் வெளியேறினாலும் அமர்வை விடாமல் வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் ஒரு சுழற்சியாக ஓடவிடலாம், குறித்த நேரத்தில் நிரலைக் கிளப்பும் கிரானில் போடலாம், லினக்ஸ் எழும்போது சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியிடம் ஒப்படைக்கலாம். மூன்றுக்குமே 'பின்னணியில் இயக்கவும்' என்று எழுதிவைத்திருந்தேன்.

என் சர்வரில் முதல் வழியைத்தான் வைத்திருந்தேன். லினக்ஸின் கருவான கர்னலைப் புதுப்பித்த கையோடு ஒரு ராத்திரி அது ரீபூட் ஆனது. இரண்டு நாள் கழித்து உள்ளே போய் 'டிமக்ஸ் எல்எஸ்' அடித்தால் ஓர் அமர்வும் இல்லை. இடைப்பட்ட தலைப்புகளைப் பின்னோக்கி நிரப்ப ஒரு முழு இரவு பிடித்தது. பின்னணியில்தானே விட்டோம் என்று நானே நம்பியிருந்தேன். அந்தச் சொல் அப்படி நம்பவைக்கிறது.

டிமக்ஸ் நமக்காக ஒரு முனையத்தை, அதாவது கட்டளை அடிக்கும் திரையை, பிடித்துவைத்திருக்கிறது, அவ்வளவுதான். நாம் பிரிந்து வந்தாலும் நிரல் அந்த முனையத்தில்தான் ஓடும். டீமனுக்கு முனையமே கிடையாது. பழைய யூனிக்ஸ் வழக்கப்படி பெற்ற செயல்முறை வேண்டுமென்றே முடிந்துபோகும். அனாதையான பிள்ளையை 1 என்ற எண்ணுடைய செயல்முறை தத்தெடுக்கும். இன்று சிஸ்டம்டியே பெற்று வளர்க்கிறது. சொல்லிவைத்தால், விழுந்தால் தூக்கியும் விடுகிறது. 2016 மே மாதம் வந்த சிஸ்டம்டி 230, பயனர் வெளியேறியதும் அவருடைய மிச்சச் செயல்முறைகளைக் கொல்வதை இயல்பாக்கியபோது டிமக்ஸும் அதே வகையான ஸ்கிரீனும் வைத்திருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகை அதை அணைத்துவைத்தது. டீமன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இத்தனை வேறுபாட்டை ஒரே சொல்லுக்குள் அடைக்கக் கூடாது ஐயா.

டீமனுக்கு 'ஏவல்' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

> 'ஏவல்' என்றால் பில்லி சூனியம்தான் ஜனங்களுக்கு நினைவு வரும். இலக்கணத்தில் ஏவல் வினை வேறு இருக்கிறது. 'பூதம்' பொருந்தாதா? சிலப்பதிகாரத்தில் புகாரின் நாளங்காடியையும் சதுக்கத்தையும் காத்து நின்றவை பூதங்கள்தானே. அஞ்சத்தக்கவை, ஆனால் தீயவை அல்ல.

பூதம் அழகான சொல். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூலத்துக்கும் ஒத்துப்போகிறது. 1963இல் எம்ஐடியின் மேக் திட்டத்தில் இந்தப் பெயரை வைத்தவர்கள் மனத்தில் இருந்தது பேயல்ல. வாயு மூலக்கூறுகளை ஓயாமல் தரம்பிரிப்பதாக இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த ஆள்.

ஆனால் பூதத்திலிருந்து வினை கிளைக்கவில்லை. ஏவலை எடுத்தால் ஏவு, மீள ஏவு, ஏவலாக்கு, தானாக ஏவப்படும் என்று கையேட்டுக்கு வேண்டிய எல்லாம் வந்துவிடுகிறது. பில்லி சூனியத்தில்கூட ஏவியவன் எங்கோ இருக்கிறான், ஏவப்பட்டது கண்ணுக்குத் தெரியாமல் வேலையை முடிக்கிறது. எனக்கு அது குறையாகவே படவில்லை. ஏவல் வினையோடு குழப்பமும் வராது; இலக்கண வகுப்பில் யாரும் சர்வரை ரீபூட் செய்யப்போவதில்லை.

'பின்னணிப் பணி' என்பதை டிமக்ஸ், ஸ்கிரீன் வகைக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். கிரானில் போடுவது 'நேரப் பணி'. அந்தப் பத்தியை இப்படித் திருத்தியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"முதன்முறை பழைய தலைப்புகளை நிரப்பும்போது டிமக்ஸில் பின்னணிப் பணியாக விடவும், ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். நேரப் பணியாக வைத்தால், முந்தைய ஓட்டம் முடியுமுன் அடுத்தது கிளம்பி இரண்டும் ஒரே அட்டவணையில் மோதக்கூடும். ஓர் ஓட்டம் நடக்கும்போது அடுத்ததைத் தடுக்கும் பூட்டுக் கோப்பு கட்டாயம். நிரப்பி முடிந்ததும் சுழற்சியை ஏவலாக்கவும். சர்வர் எழும்போது அது தானாக ஏவப்படும். பிழையால் நின்றால் முப்பது நொடியில் மீள ஏவப்படும்."

'பூட்டுக் கோப்பு' உங்களுக்குச் சரிதானா ஐயா?