திராட்சை ஒயின் கலங்கலாகவே நிற்கிறது, தெளிய என்ன செய்யலாம்?

கேள்வி (பெரம்பூர்):
கிறிஸ்துமஸுக்குப் பன்னீர் திராட்சை ஒயின் போட்டிருக்கிறேன். ஆயா போடும் அதே கணக்குதான்: 2 கிலோ திராட்சை, 2 கிலோ சர்க்கரை, கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, கொஞ்சம் ஈஸ்ட். நுரை அடங்கியதும் மல் துணியில் வடிகட்டி வேறு பீங்கான் ஜாடிக்கு மாற்றினேன். வாசனை அருமை, புளிப்பும் ஏறவில்லை. ஆனால் கண்ணாடி டம்ளரை டியூப்லைட் பக்கம் பிடித்தால் மறுபக்கம் விரலே தெரியவில்லை. திரும்பத் திரும்ப வடிகட்டியும் அப்படியே நிற்கிறது.

பதில் (ராயபுரம்):
முதலில் வடிகட்டுவதை நிறுத்துங்கள் அக்கா. ஈஸ்ட் செல் 5 முதல் 10 மைக்ரான்தான், மல் துணியின் கண் அதைவிடப் பல மடங்கு பெரிது. வடிகட்டும்போதெல்லாம் காற்று கலந்து வினிகர் பாக்டீரியாவுக்குத்தான் வழி பிறக்கும். ஜாடி ஓரத்தில் குமிழி ஏறுகிறதா? கோதுமையை முழுசாகப் போட்டீர்களா, உடைத்தா? திராட்சையைக் கொதிக்க வைத்தீர்களா?

கேள்வி கேட்டவர்:
குமிழி இல்லை தம்பி. கோதுமையை மிக்சியில் ஒரு சுற்று விட்டேன். திராட்சையைக் கையால் பிசைந்ததோடு சரி.

பதில் (வியாசர்பாடி):
முட்டை வெள்ளைக்கருவை லேசாக அடித்துக் கலந்து வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பதில் (ராயபுரம்):
வெள்ளைக்கரு துவர்ப்புப் பொருளைப் பிடித்து அடியில் இறக்கும், ஸ்டார்ச்சுக்கு, அதாவது மாவுச்சத்துக்கு, அது உதவாது. எனக்கு அந்த உடைத்த கோதுமையின் மாவு மேல்தான் சந்தேகம். வெள்ளைத் தட்டில் ஒரு ஸ்பூன் ஒயின் விட்டு, நிறம் வெளிறும்வரை தண்ணீர் கலந்து, டிங்க்சர் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமானால் ஸ்டார்ச். பார்த்துவிட்டுக் கொட்டிவிடுங்கள், குடிக்கக் கூடாது. நிறம் மாறாவிட்டால் மிதக்கும் ஈஸ்டாக இருக்கலாம். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் அசைக்காமல் வைத்தால் இறங்கிவிடும். திராட்சையைக் கொதிக்க வைத்திருந்தால் ஒயினைக் கலங்கலாக்கும் பெக்டின் என்ற பழக் கூழ்ச்சத்தையும் பார்க்கச் சொல்லியிருப்பேன், சூட்டில் அது பழத்திலிருந்து நிறைய ஒயினில் கலந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
சொட்டு விழுந்த இடத்தில் மை கொட்டியது போல் கருத்துவிட்டது!

பதில் (ராயபுரம்):
அப்போ ஸ்டார்ச்தான். கெடுதல் இல்லை, பார்வைக்குத்தான் குறை. அவசரமில்லை என்றால் ஆமிலேஸ் நொதி வாங்கிப் பாக்கெட்டில் போட்ட அளவில் கலந்து, மூடியைத் தளர்வாக வையுங்கள். நொதி ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக உடைக்கும், அந்தச் சர்க்கரையில் ஈஸ்ட் மறுபடி வேலை செய்தால் வாயு வரும். இறுக்கி மூடிய பாட்டில் வெடிக்கும். குமிழி முழுக்க நின்று, அயோடினும் கருக்காமல் போன பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள். கடைசியில் சாய்த்து ஊற்றாதீர்கள், அடி வண்டல் கிளம்பிவிடும். மெல்லிய டியூபை மேல்மட்டத்தில் விட்டு இறக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் கோதுமையை உடைக்காமல் முழுசாகவே போடுங்கள் அக்கா.