வெள்ளை நரம்பு ஓடிய ஷேல்: உங்களுக்கு எங்கே உடைந்தது?

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காகப் பெரம்பலூர் மாவட்டம் காரைக்குப் போயிருந்தேன். ஊட்டத்தூர் பக்கம், மழை அரித்து அரித்து மேடும் ஓடையுமாகக் கிடக்கிற அந்த நிலம் கிரெட்டேசியஸ் (டைனோசர்கள் வாழ்ந்த) காலத்துக் கடலடிச் சேறு, இறுகி ஷேல் என்ற களிப்பாறையானது. அதன் விரிசல்களை அடைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக ஜிப்சம் என்ற வெள்ளைக் கனிமத்தின் நரம்புகள், வெயிலில் பட்டுநூல் மாதிரி மின்னும். கம்பி போட்டுக் கட்டியது போல இருக்கிறதே, இதுதான் கெட்டி என்று நினைத்து நரம்புள்ள கட்டிகளாகப் பார்த்துப் பொறுக்கினேன்.

தண்ணீர் விட்டு வெட்டும் ரம்பத்தில் வைத்ததும் ஷேல் ஊறிச் சேறாகிவிட்டது. கையில் மிஞ்சியது ஜிப்சம் பட்டை மட்டும். லேப் அண்ணன் சிரித்துவிட்டு, "தம்பி, இதுக்குத் தண்ணி ஆகாது, காயவே அறு" என்றார்.

அப்புறம் பாயிண்ட் லோடு சோதனை, அதாவது இரண்டு கூம்பு முனைகளுக்கு நடுவே கல்லை வைத்து அழுத்தி உடைப்பது. நரம்புக்குச் செங்குத்தாக அழுத்தியபோது, நரம்பு இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் ஷேல் தன் பாட்டுக்கு உடைந்தது. நரம்பின் போக்கிலேயே அழுத்தினால் மெஷினின் கைப்பம்பை இரண்டு அடி அடிப்பதற்குள் பிளந்தது. உடைந்த முகத்தில் ஒரு பக்கம் வெறும் ஷேல், மறுபக்கம் முழுக்க வெள்ளை. நகத்தால் கீறக்கூடிய ஜிப்சம்கூட உடையவில்லை, ஒட்டுதான் விட்டிருக்கிறது.

---

கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிம நரம்பிலும் இதே கதைதான். ட்ரில் கோர் (துளையிட்டு எடுத்த உருளைப் பாறை) பெட்டியில் நரம்பு அடைத்த துண்டுகளைப் பார்த்துப் 'பழைய விரிசல், நன்றாக ஆறிவிட்டது' என்று குறித்து வைத்தேன். தூக்கும்போது அதே இடத்தில் இரண்டாகக் கையோடு வந்தது. டெக்சாஸின் பார்னெட் ஷேல் பற்றி 2007இல் வந்த ஆய்வைப் பிறகுதான் படித்தேன். வளைத்துப் பார்த்ததில், இப்படிக் கால்சைட் அடைத்த விரிசலுள்ள துண்டுகளின் இழுவலிமை மற்றவற்றில் பாதிதானாம். களித்துகள்மேல் கால்சைட் சரியாகப் பிடித்து வளர்வதில்லை. அதனால்தான் எரிவாயுக் கிணற்றில் நீரை அழுத்திப் பாய்ச்சும்போது அடைபட்ட விரிசல்கள் மறுபடி திறந்துகொள்கின்றன.

---

அப்படியானால் குவார்ட்ஸ் நரம்பு? ஷேலிலும் குவார்ட்ஸ் துகள் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு வளராதா?

---

வளரும். அப்படிப் பிடித்துக்கொண்டால் ஒட்டு கெட்டிதான். காரையில் எனக்கு அந்த யோகம் இல்லை, கிடைத்தது ஜிப்சம் நரம்புதான். சாய்ந்த நரம்புள்ள துண்டு இரண்டே இரண்டு கிடைத்தது. இரண்டும் மெஷினுக்குப் போகுமுன்பே, பையில் வரும்போதே வழுக்கிப் பிரிந்துவிட்டன.