1990 எம்எக்ஸ்-5 காருக்குக் கட்டுப்படியாகும் எல்.எஸ்.டி எது?

வளைவுப்பாதை:
என்னிடம் இருப்பது 1990-ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1.6 லிட்டர் எஞ்சின், எல்.எஸ்.டி (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மறுசக்கரத்துக்கு விசை போக வழிசெய்யும் லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல்) இல்லாத சாதாரண டிஃப்ரன்ஷியல்; அதாவது வளைவில் இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுப்பு மட்டுமே. பெரும்பாலும் சாலையில்தான் ஓட்டுகிறேன். அவ்வப்போது பந்தயத் தடத்திலும் ஓட்டுவதுண்டு. இறுக்கமான வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், உள்பக்கப் பின்சக்கரம் சும்மா சுழன்று உந்துவிசையை வீணாக்குகிறது. டர்போ பொருத்தும் எண்ணம் இல்லை. பழைய விஸ்கஸ் எல்.எஸ்.டி, 1.8 லிட்டர் காரின் டோர்சன், புதிய கிளட்ச் வகை, இருப்பதையே வெல்டு செய்துவிடுவது என நான்கு வழிகள் கண்ணில் படுகின்றன. குறைந்த செலவில் நீடித்து உழைப்பது எது?

பினியன்:
விஸ்கஸை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். உங்கள் 1.6 காருக்கு அன்று விருப்பத் தேர்வாகக் கிடைத்தது அதுதான் என்பதால், நேரடியாகப் பொருந்தும் என்ற ஒரே காரணத்துக்காகப் பலர் அதைத் தேடிப் போகிறார்கள். உள்ளே இருக்கும் சிலிகான் திரவம், இரு சக்கரங்களின் வேகமும் வேறுபடத் தொடங்கிய பிறகுதான் எதிர்ப்புக் காட்டும்; அதாவது சக்கரம் வழுக்கிய பின்னரே அது விழித்துக்கொள்கிறது. முப்பது ஆண்டுகளைக் கடந்த அந்தத் திரவம் வலுவிழந்திருந்தால், மூடி அடைக்கப்பட்ட அந்தப் பகுதியைப் பழுதுபார்ப்பதும் நடைமுறையில் இயலாது.

1994-இல் 1.8 எஞ்சினோடு வந்த பெரிய டிஃப்ரன்ஷியலைத் தேடுங்கள். அதில் கிரவுன் வீல் எனும் பெரிய பற்சக்கரத்தின் விட்டம் 7 அங்குலம். உங்களுடையது 6 அங்குலம். டோர்சன் முழுக்க முழுக்கப் பற்சக்கரங்களால் இயங்குவது; தேய்ந்துபோக அதில் கிளட்ச் பிளேட் கிடையாது, தனிச் சேர்மானம் கலந்த ஆயிலும் வேண்டியதில்லை. எல்லா 1.8 கார்களிலும் டோர்சன் இருக்காது என்பதை மட்டும் மறவாதீர்கள். சாதாரண டிஃப்ரன்ஷியலோடும் நிறையக் கார்கள் வந்தன.

கிளட்ச்பிளேட்:
பினியன் அவர்கள் செலவில் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். 7 அங்குல டிஃப்ரன்ஷியலின் உட்பகுதி 6 அங்குலக் கூட்டுக்குள் போகாது. ஆகவே முழு டிஃப்ரன்ஷியல், இரு பக்க டிரைவ் ஷாஃப்ட்டுகள், நடுவே ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஆகிய அனைத்தையும் 1.8 காரிலிருந்தே எடுக்க வேண்டும். பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் ‘மலிவு’ என்ற சொல் மெல்லக் கரைந்துவிடும்.

அதைவிட முக்கியமானது, டோர்சனின் அடிப்படைக் குறை. பிடிப்புக் குறைந்த சக்கரம் தாங்கும் விசையைப் போல் சில மடங்கைத்தான் அது மறுபக்கத்துக்குத் தரும். ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டால், பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். ஒன்றோடொன்று உராயும் பிளேட்டுகளால் இயங்கும் கிளட்ச் வகையில் ஸ்பிரிங்குகள் தரும் முன்னழுத்தம் எப்போதும் இருப்பதால், சக்கரம் காற்றில் தொங்கினாலும் மறுபக்கத்துக்கு ஓரளவு முறுக்குவிசை போய்ச் சேரும். தவிரவும், பிளேட்டுகள் தேய்ந்தால் மாற்றலாம். முன்னழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் இறுகும் ஒருவழி வகை, காலை எடுக்கும்போதும் அதே அளவு இறுகும் இருவழி வகை, இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒன்றரைவழி வகை என்று தேவைக்கேற்பத் தேர்ந்தெடுக்கவும் முடியும்.

பினியன்:
சக்கரம் எழும்பும் நிலையைப் பற்றி நீங்கள் சொன்னது சரியே. ஆனால் கேள்வி கேட்டவரின் கார் அந்த நிலைக்கு எத்தனை முறை போகிறது? பெரும்பாலான வளைவுகளில் உள்சக்கரத்தின் மேல் சுமை குறைகிறதே தவிர, முற்றிலும் இல்லாமல் போவதில்லை. டோர்சனின் பகிர்வு விகிதம், அதாவது அந்த மடங்கு, 2.5 என்று வைத்துக்கொள்வோம். உள்சக்கரத்தால் 100 நியூட்டன் மீட்டர் மட்டுமே தாங்க முடிகிறது என்றால், சாதாரண டிஃப்ரன்ஷியல் மறுபக்கத்துக்கும் அதே 100-ஐத்தான் தரும். டோர்சன் 250 வரை தரும். மொத்தம் 200 கிடைத்த இடத்தில் 350 கிடைக்கிறது. சக்கரம் எழும்பும் அரிதான தருணத்தில் பிரேக்கை இலேசாகத் தொட்டால், அந்த எதிர்ப்பையே பற்றுக்கோடாகக் கொண்டு டோர்சன் மறுபக்கத்துக்கு விசையை அனுப்பும்.

மறுபுறம், முன்னழுத்தம் மிகுந்த கிளட்ச் வகை, வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போதெல்லாம் கடகடவென்று அடித்துக்கொள்ளும். சாலையில் பெரும்பொழுதைக் கழிக்கும் காருக்கு அது எதற்கு?

இரும்புப்பொறி:
இவ்வளவு கணக்குத் தேவையா? உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்களை வெல்டு செய்துவிட்டால் இரண்டு சக்கரங்களும் எப்போதும் சேர்ந்தே சுழலும். டிரிஃப்ட் ஓட்டுபவர்கள் அதைத்தானே செய்கிறார்கள்? இதைவிட மலிவான வழி வேறு எதுவும் இல்லை.

ஈரச்சாலை:
டிரிஃப்ட் ஓட்டுபவருக்குப் பின்பக்கம் வழுக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்ப வேண்டியவருக்கு வழுக்கக் கூடாது. வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். அதற்கு இடம் கொடுக்காவிட்டால் டயர் தேயும், டிரைவ் ஷாஃப்ட்டுகள் முறுக்கப்படும், ஈரத்தில் முன்பக்கம் திரும்ப மறுத்து நேராகப் போகும். பந்தயத் தடத்துக்கு மட்டும் என்றால் அது அவரவர் விருப்பம். சாலைக் காருக்கு அந்த யோசனையைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. சாதாரண டிஃப்ரன்ஷியலுக்குள் ஸ்பிரிங் வைத்த தகடுகளைச் செருகும் மலிவான செட்டுகளும் அதே பட்டியலில்தான் சேரும்: தகடு தேயத் தேயப் பிடிப்பு குறையும், தேய்ந்த உலோகத்தூள் ஆயிலோடு கலந்து பேரிங்குகளுக்குப் போகும்.

என் கேள்வி வேறு. இந்தச் செலவே இப்போது வேண்டுமா? பின்பக்கத்தில் தடித்த ஆன்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) போட்டிருந்தால், உள்சக்கரத்தைத் தரையிலிருந்து விடுவிப்பதே அதுவாக இருக்கலாம். அதன் ஒருபக்க இணைப்பைக் கழற்றிவிட்டு, ஆளில்லாத பாதுகாப்பான இடத்தில் நிதானமாக ஓட்டிப் பாருங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை. நல்ல டயரும் சரியான சக்கர அலைன்மென்ட்டும் இல்லாத காரில் எந்த எல்.எஸ்.டி-யும் தன் முழுத் திறனைக் காட்டாது.

கிளட்ச்பிளேட்:
ஈரச்சாலை அவர்களின் சோதனையை ஏற்கிறேன். ஆனால் பாரைக் கழற்றினால் முன்பக்கம் தள்ளும் போக்கு கூடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிடிமானம் ஓரிடத்தில் கிடைக்கும், வேறோரிடத்தில் போகும். எல்.எஸ்.டி-யின் வேலையை அது செய்யாது.

புதிய கிளட்ச் வகையை வாங்கி உங்கள் 6 அங்குலக் கூட்டிலேயே பொருத்தினால், கிரவுன் வீலுக்கும் அதைச் சுழற்றும் சிறு பற்சக்கரமான பினியனுக்கும் இடையிலான பற்களின் இடைவெளியை ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்துத் திருத்தி, பற்களில் நிறம் பூசி அவை சந்திக்கும் தடத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழகிய கை இல்லாமல் அதைச் செய்தால் ஊளைச் சத்தம் உறுதி.

பினியன்:
என் வாதத்தின் மையமே அதுதான். முழு டிஃப்ரன்ஷியலாக வாங்கினால், தொழிற்சாலையில் செய்த அமைப்பைத் தொடாமலேயே கழற்றிப் பூட்டிவிடலாம். ஷாஃப்ட்டுகளுக்காகக் கூடும் செலவு, இந்த நுட்ப வேலைக்கான கூலியில் மிச்சமாகிறது. வாங்கும்முன் ஆயிலை வடித்துப் பாருங்கள். ஆயில் வடிக்கும் திருகிலுள்ள காந்தத்தில் மெல்லிய தூள் ஒட்டியிருப்பது இயல்பு, சில்லுகள் இருந்தால் விட்டுவிடுங்கள்.

வளைவுப்பாதை:
என் காரில் பின்பக்க ஆன்டி-ரோல் பார் முந்தைய உரிமையாளர் மாற்றிய தடித்த பார்தான். முதலில் அதைக் கழற்றிப் பார்க்கிறேன். அதன் பிறகும் குறை நீடித்தால் 1.8 காரின் முழுத் தொகுப்புக்கே போவதாக இருக்கிறேன். எனக்குக் கிடைக்கக்கூடிய தொகுப்பில் இறுதி விகிதம் (சக்கரம் ஒருமுறை சுழல புரொப்பல்லர் ஷாஃப்ட் சுழல வேண்டிய எண்ணிக்கை) 4.1, இப்போதுள்ளது 4.3. இது ஏதேனும் சிக்கலைத் தருமா?

பினியன்:
பெரிய சிக்கல் இல்லை. ஒவ்வொரு கியரிலும் எஞ்சின் சுழற்சி ஏறத்தாழ 5 விழுக்காடு குறையும். நெடுஞ்சாலையில் அமைதி, புறப்படும்போது சிறிது மந்தம். ஆனால் உங்கள் காரின் வேகமானி கியர்பாக்ஸிலிருந்து இயங்குவதால், அது இப்போது காட்டுவதைவிட அதே 5 விழுக்காடு குறைவாகக் காட்டும். முள் 95-இல் நிற்கும்போது நீங்கள் 100-ஐ ஒட்டிப் போய்க்கொண்டிருப்பீர்கள்.