கார் பேட்டரி கழற்றும்போது மைனஸா பிளஸ்ஸா, எது முதலில்?

தேவனாம்பட்டினத்துக்காரர்:
வணக்கம். ஐப்பசிக் கடைசியில் மகள் வீட்டுக்குப் போகிறோம், பொங்கலுக்குத்தான் கடலூர் திரும்புவோம். அதுவரை கார் சும்மா நிற்கும், பேட்டரி இறங்கிவிடும் என்பதால் கழற்றிவிட்டுப் போகலாமென்று இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பிளஸ்ஸை முதலில் எடுங்கள் என்கிறார், இன்னொருவர் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்கிறார். எது சரி? பிளஸ் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவேறு இருக்கிறது.

முத்தியால்பேட்டை:
சார், இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். காரின் பாடி, இன்ஜின் எல்லாமே மைனஸோடு சேர்ந்திருப்பவை. மைனஸ் மாட்டியிருக்கும்போதே பிளஸ் நட்டைத் திருப்புகிறீர்கள், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் லேசாகப் பட்டாலும் போதும், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாய்ந்து பொறி பறக்கும், கையில் மோதிரம் இருந்தால் விரலே வெந்துவிடும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜனில் அந்தப் பொறி பட்டால் வெடித்து ஆசிட் முகத்தில் அடிக்கும். மைனஸை எடுத்த பிறகு அதே ஸ்பேனர் பாடியில் பட்டாலும் கரண்ட் திரும்பிப் போக வழியில்லை, ஒன்றும் ஆகாது.

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் அடங்கட்டும். டிக்கி பட்டனில் திறக்கிற வண்டியென்றால் அதில் வேண்டியதை முன்னாலேயே எடுத்துவிடுங்கள். வாட்ச், மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் 10-ஆம் நம்பர் ஸ்பேனர்தான். நட்டைத் தளர்த்தி, கிளாம்பை இப்படியும் அப்படியும் அசைத்துத் தூக்குங்கள், ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினால் முனை உடையும். வண்டியை நிறுத்தி வைக்க மட்டும்தான் என்றால் மைனஸ் ஒன்றை எடுத்தாலே போதும். அந்தக் கேபிளில் துணியைச் சுற்றி ஓரமாகத் தள்ளி வையுங்கள், தானாகச் சாய்ந்து முனையைத் தொட்டுவிடக் கூடாது. அப்புறம் ரிமோட் வேலை செய்யாது, கதவைச் சாவி போட்டுத்தான் பூட்ட வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது மட்டும் கழற்றவே கூடாது. ஆல்டர்நேட்டர் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கிறதா பார்க்கிறேன் என்று சிலர் இன்னமும் அப்படிச் செய்கிறார்கள், வோல்டேஜ் எகிறி இசியூவே, அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரே, போய்விடும்.

முதுநகர் மெக்கானிக்:
பூத்திருப்பது ஆசிட் ஆவியும் ஈயமும் செம்பும் சேர்ந்து உண்டாவது, நம்ம ஊர் உப்புக்காற்று அதை இன்னும் வேகப்படுத்தும். வெறுங்கையால் தொடாதீர்கள். இரண்டு முனையையும் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்பச்சோடாவைக் கரைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு வந்துவிடும், ஆனால் மேலே இருக்கிற மூடித் துளைகளுக்குள் அந்தத் தண்ணீர் போகக் கூடாது. நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். திரும்ப மாட்டி முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள்.

தேவனாம்பட்டினத்துக்காரர்:
தெளிவாகப் புரிந்தது, ரொம்ப நன்றி. வந்து மாட்டும்போது பொறி வந்தால் பயப்பட வேண்டுமா?

முத்தியால்பேட்டை:
கடைசியில் மைனஸ் தொடும்போது சின்னதாக ஒரு பொறி வரலாம், அது சகஜம். பெரிதாக வந்தால் லைட்டோ ஏசியோ ஏதோ ஆனில் இருக்கிறது, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். மாட்டுவதற்கு முன்பு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டு மாட்டுங்கள். கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டியிருக்கும், சில வண்டிகளில் ரேடியோ கோட் கேட்கும், அதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போவது புயல் மாசம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது இங்கே தெருத்தெருவாகத் தண்ணீர் நின்றது. மேடான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். வண்டிக்குள் தண்ணீர் ஏறிய அடையாளம் இருந்தால் மைனஸை மாட்டாமல் அப்படியே வைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், ஈர ஒயரிங்கில் கரண்ட் ஏறினால் மிஞ்சியிருப்பதும் கெட்டுவிடும்.