ஆளுயரச் சுடுமண் உருவம்: குயவர் குடும்பத்தோடு சேர்ந்து செய்ய எதையெல்லாம் முன்கூட்டியே பேசிக்கொள்வது?

நீள்விரல்:

மின்சூளையில் 1220 டிகிரிக்குச் சுட்டுக் கல் போல இறுகும் ஸ்டோன்வேர் மண்பாண்டம்தான் எனக்குப் பழக்கம். அடுத்த வேலை சுடுமண்ணில், 180 செ.மீ. உயரத்தில் நிற்கும் மூன்று உருவங்கள். தலைமுறை தலைமுறையாகப் பெரிய பானையும் உருவமும் செய்துவரும் குயவர் குடும்பம் ஒன்று சேர்ந்து செய்யச் சம்மதித்திருக்கிறது. மண், சூளை, கைவேலை அவர்களுடையது. வரைபடம் என்னுடையது. விறகுச் சூளை, சூடு 800-850 டிகிரியைத் தாண்டாது. என் வடிவத்தில் மெல்லிய கழுத்து, பக்கவாட்டில் நீட்டிய ஒரு கை, மேலே நீலப் பளபளப்புப் பூச்சு. வரைபடத்தை எப்படிக் கொடுப்பது? சுருக்கத்தை எப்படிக் கணக்கிடுவது? சூளையில் உடைந்தால் நஷ்டம் யாருக்கு? கண்காட்சியில் பெயரை எப்படிப் போடுவது?

பச்சைமண்:

நீலப் பளபளப்பை இப்போதே விட்டுவிடுங்கள். கடையில் கிடைக்கும் குறைந்த சூட்டுக் கிளேஸ்கள் (பளபளப்புப் பூச்சுகள்) உருகவே 1000 முதல் 1060 டிகிரி வேண்டும். 850-இல் வெள்ளையடித்த சுவர் போல நின்று, விரலால் தேய்த்தால் உதிரும். அந்தச் சூட்டில் எளிதாக உருகுவது ஈயம் சேர்ந்த பூச்சு. வீடும் பட்டறையும் ஒன்றாக இருக்கும் இடத்துக்குள் அதைக் கொண்டுபோகவே கூடாது. அவர்கள் கையில் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள்: செம்மண் குழம்பு பூசிக் கூழாங்கல்லால் தேய்த்த மினுக்கம், புகையூட்டிய கறுப்பு. நீலம்தான் வேண்டுமென்றால் சுட்டபின் வண்ணம் தீட்டுங்கள், அதை வண்ணம் என்றே சொல்லுங்கள்.

அவர்கள் மண்ணையே மின்சூளையில் 1050 வரை ஏற்றலாமே என்று தோன்றும். இரும்புச் சத்து மிகுந்த மண் அந்தச் சூட்டை ஒட்டியே தொய்யவும் உப்பவும் தொடங்கிவிடலாம். ஒரு பட்டையை இரண்டு கற்களுக்கு நடுவே பாலம் போல வைத்துச் சுட்டுப் பாருங்கள். நடுவில் வளைந்தால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

சுருக்கத்துக்கு, அவர்கள் கலவையிலேயே 14 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 1 செ.மீ. கனத்தில் ஐந்து பட்டைகள் செய்யுங்கள். ஈரத்தில் ஒவ்வொன்றிலும் சரியாக 10 செ.மீ. கோடு கீறி, காய்ந்தபின் ஒருமுறை, சுட்டபின் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். கோடு 9.2 செ.மீ. ஆகியிருந்தால் சுருக்கம் 8 சதவீதம். அப்போது ஈர உயரம் 180 வகுத்தல் 0.92, அதாவது 195.7 செ.மீ. 180-இன் 8 சதவீதத்தைக் கூட்டி 194.4 என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அந்த வித்தியாசம் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, உள்ளே நிறுத்தும் கம்பிக்குத் தெரியும். ஸ்டோன்வேரில் 12, 13 சதவீதம் பார்த்துப் பழகியவர்கள் கவனிக்க வேண்டியது: இங்கே சுருக்கம் அநேகமாகக் காயும்போதே முடிந்துவிடும், சூளைக்குள் நடப்பது மிகக் கொஞ்சம். அதனால் விரிசலும் பெரும்பாலும் நிழலில் காயும் நாட்களிலேயே விழுகிறது.

வரைபடம் கொடுக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு மாதிரியை, அதாவது சுட்டபின் 36 செ.மீ. வருவதை, அவர்கள் மண்ணில் அவர்கள் கையால் செய்யச் சொல்லி அருகில் உட்காருங்கள். எந்த வளைவில் மண் நிற்கவில்லை என்பது அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். பிறகு ஈர அளவில் இரண்டு பொருள் போதும்: ஒட்டுப்பலகையில் வெட்டிய பக்கத் தோற்ற வெட்டு ஒன்று, முழங்கால், இடுப்பு, தோள் உயரங்களைக் கீறிய குச்சி ஒன்று. மண் கையோடு காகிதத்தைப் புரட்டவோ மில்லிமீட்டர் படிக்கவோ யாருக்கும் தோதுப்படாது. குச்சியைச் சார்த்திப் பார்ப்பது ஒரு நொடி வேலை.

சூளைக்காவல்:

முதலில் எடை. சராசரிச் சுற்றளவு 120 செ.மீ., சுவர்க் கனம் 2 செ.மீ. என்று வைத்தால் சுட்ட உருவம் ஏறக்குறைய 78 கிலோ. ஈரத்தில் 100 கிலோவைத் தாண்டும். எங்கே வனைகிறார்களோ அங்கேயிருந்து சூளைக்கு எப்படிப் போகும் என்பதை முதல் திரி (கயிறு போல உருட்டிய மண்) வைப்பதற்கு முன்னால் தீர்மானியுங்கள். காய்ந்த பச்சை மண் உருவம்தான் மிகவும் பலவீனமானது. சுட்டதைவிட அதைத் தூக்குவது ஆபத்து.

சுவரை 15 முதல் 25 மி.மீ.-க்குள் சீராக வைக்கச் சொல்லுங்கள் என்பது பாடம். அவர்கள் ஏற்கெனவே அதைத்தான் செய்வார்கள்: திரி வைத்து ஏற்றி, அரைக்காய்ச்சலில் (மண் பாதி காய்ந்து கெட்டிப்பட்ட நிலையில்) உள்ளே கல்லைத் தாங்கி வெளியே பலகையால் தட்டி மெலிதாக்குவார்கள். கெடுப்பது நாம்தான். சிற்பி கடைசி நாளில் வந்து புருவத்துக்கும் தோளுக்கும் மண்ணை அப்பிவிட்டுப் போவார், அங்கே கனம் 6 செ.மீ. ஆகிவிடும். சூளையில் முதலில் தெறிப்பது அந்த இடம். "காற்றுக்குமிழ் இருந்தது" என்று பழி போடுவார்கள். உண்மையில் தெறிக்க வைப்பது உள்ளே மிச்சமிருக்கும் ஈரம், 100 டிகிரியில் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் உடைக்கிறது. மேடு வேண்டுமென்றால் உள்ளிருந்து வெளியே தள்ளி மேடாக்குங்கள். மூடிய உள்வெளி ஒவ்வொன்றுக்கும் சுண்டுவிரல் நுழையும் துளை ஒன்று இருக்கட்டும்.

கலவையில் கை வைக்காதீர்கள். மணலும் உமியும் கலந்த சொரசொரப்பான மண் ஸ்டோன்வேர் பழகிய கைக்கு உறுத்தும், கொஞ்சம் சலித்து வழவழப்பாக்கலாமே என்று வாய் வரும். உமி எரிந்து விடும் நுண்துளைகள் வழியாகத்தான் ஆவி வெளியேறுகிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று பருமன் மாறும்போது அந்தப் பொறுபொறுப்பான உடல்தான் அதிர்ச்சியைத் தாங்குகிறது. வழவழப்பான மண்ணை விறகுச் சூளையின் வேகத்தில் சுட்டால் கீழிருந்து மேல்வரை நேர்க்கோட்டில் பிளக்கும்.

நீக்க வேண்டியது ஒன்றுதான், சுக்கான்கல், அதாவது மண்ணில் கலந்திருக்கும் சுண்ணாம்புக்கல். பட்டாணி அளவு வேண்டாம், ஒரு மி.மீ. துகளே போதும். 800-ஐத் தாண்டினால் அது சுட்ட சுண்ணாம்பாக மாறத் தொடங்கும். வெளியே எடுத்த பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பி, சில நாளிலோ சில வாரத்திலோ மேற்பரப்பில் ஒரு காசளவு சில்லைத் தள்ளிவிடும். குழியின் நடுவே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுதான். காய்ந்த மண்ணில் வினிகர் விட்டு நுரைக்கிறதா என்று பாருங்கள். நுரைத்தால் நீரில் கரைத்து நுண்சல்லடையில் வடித்துவிட்டு, பிறகு சுக்கான் இல்லாத மணலையும் உமியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

காயப்போடும் தரையில் ஒரு விரற்கடை உயரத்துக்குச் சாம்பலோ உலர்ந்த மணலோ பரப்புங்கள். அடிப்பாகம் 65 செ.மீ. அகலம் என்றால் காயும்போது அது 5 செ.மீ. உள்நோக்கி நகர வேண்டும். தரை பிடித்துக்கொண்டால் பாதத்திலிருந்து மேல்நோக்கிக் கிழியும். காது, விரல் போன்ற மெல்லிய பாகங்களை ஈரத்துணியால் சுற்றுங்கள், உடலோடு சேர்ந்து காயட்டும். நிழலில் மூன்று, நான்கு வாரம் எடுக்கும். திறப்பு விழாத் தேதி நெருங்குகிறது என்று வெயிலில் வைத்தால் மொத்த வேலையும் போச்சு.

சூளையில் முதல் எட்டு, பத்து மணி நேரம் தணல் மட்டும்தான், தழல் உருவத்தைத் தொடக்கூடாது. புகைவாயில் ஒரு கண்ணாடித் துண்டைப் பிடித்துப் பாருங்கள், பனி படர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. படராமல் போன பிறகே விறகை ஏற்ற வேண்டும். கே வகைத் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கருவி) ஒன்றைச் செருகி வைத்தால் உங்கள் மனதுக்கு நல்லது, ஆனால் நெருப்பை அவர்கள் கண்ணிடமே விடுங்கள். இருட்டில் மங்கிய சிவப்பு 600-ஐ ஒட்டி, செர்ரிச் சிவப்பு 750-800, ஆரஞ்சு 900-ஐ ஒட்டி. தெர்மோகப்பிள் தன் முனை இருக்கும் இடத்தை மட்டும் சொல்கிறது. பெரிய சூளையில் மேலுக்கும் கீழுக்கும் 100 டிகிரி வித்தியாசம் இருப்பதில் ஆச்சரியமில்லை.

நீள்விரல்:

இவ்வளவு விவரத்துக்கு நன்றி. பூச்சை விட்டுவிட்டேன். மூன்று துண்டாகச் செய்து பிறகு பொருத்தலாமா, ஒரே துண்டாகவே செய்யச் சொல்லலாமா?

சூளைக்காவல்:

துண்டு. ஒன்று உடைந்தால் ஒன்றைத்தான் திரும்பச் செய்ய வேண்டும்.

திருகை:

அவசரப்பட்டுத் துண்டாக்க வேண்டாம் என்பேன். ஒரே துண்டாகச் செய்து, உருவம் நிற்கும் இடத்திலேயே சுற்றிச் சூளை கட்டிச் சுடும் வழக்கம் அந்தக் குடும்பத்துக்கு இருந்தால், அதுதான் அவர்களுக்குக் கைவந்தது. துண்டு போடச் சொன்னால் அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலையைக் கொடுக்கிறீர்கள். மூன்று வளையமும் தனித்தனியாகக் கோணும், வட்டம் நீள்வட்டமாகி விளிம்பில் விளிம்பு உட்காராது. முதலில் அவர்களிடமே கேளுங்கள்.

துண்டுதான் என்றால் ஒரு வழி உண்டு. முழு உருவத்தையும் சேர்த்தே வனைந்து, அரைக்காய்ச்சலில் கம்பியால் அறுங்கள். அறுத்த விளிம்புகளுக்கு நடுவே செய்தித்தாள் வைத்து, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகவே காய விடுங்கள். சேர்ந்து சுருங்கும், சேர்ந்தே கோணும், அதனால் பொருந்தும். கீழ்த்துண்டின் உள்விளிம்பில் 3 செ.மீ. உயர உதடு ஒன்று ஏற்றி, மேல்துண்டுக்கும் அதற்கும் இடையே 4 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

நிறுத்தும்போது உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. அதை மண்ணோடு சிமெண்டால் இறுக்கிவிடாதீர்கள். வெயிலில் எஃகு சுடுமண்ணைவிட அதிகம் நீளும், இறுக்கியிருந்தால் முதலில் விட்டுக்கொடுப்பது மண். கம்பி அடித்தட்டில் நிற்கட்டும், உருவத்தை ரப்பர் அல்லது ஃபோம் வளையங்கள் தொட்டுக்கொண்டிருக்கட்டும், இணைப்பில் சுண்ணாம்புக் காரை. அடியில் நீர் வடிய ஓட்டை கட்டாயம். உறைபனி விழும் ஊரில் வெளியே வைப்பதாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம். 850-இல் சுட்ட மண் நீரைக் குடிக்கும், குடித்த நீர் உறைந்தால் தோல் தோலாக உரியும்.

கழுத்தும் கையும்: தலையைத் தனியாகச் சுடுங்கள். கழுத்தின் வெளிவிட்டம் 14 செ.மீ.-க்குக் குறைந்தால் ஈரத்தில் தலையின் எடையை அது தாங்காது. நீட்டிய கை தோளில் செருகும் கூம்பாக இருக்கட்டும், ஒன்றுக்கு இரண்டாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுக்கணக்கு:

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. உருப்படிக்கு இவ்வளவு, முழுசாக வந்தால் மட்டும் கூலி என்று பேசினால் உங்கள் வடிவத்தின் மெல்லிய கழுத்தால் வரும் ஆபத்தை அவர்கள் தலையில் கட்டுகிறீர்கள். நாள் கூலி தனி, விறகும் சூளை ஏற்றும் செலவும் ஏற்றும் ஒவ்வொரு முறைக்கும் தனி. சோதனைப் பட்டைகளுக்கும் சிறு மாதிரிக்கும் கூலி உண்டு. மூன்று வேண்டுமென்றால் ஐந்து வனைவதாகக் கணக்குப் போடுங்கள். இந்த வேலைக்காக அவர்கள் வழக்கமான பானை வேலையை நிறுத்தினால் அந்த வாடிக்கை கைவிட்டுப் போகும் என்பதையும் தொகையில் சேருங்கள்.

எழுதிக்கொள்ள வேண்டியவை: உடைந்தவையும் மிஞ்சியவையும் யாருக்கு, பின்னால் பிரதி எடுத்தால் என்ன பங்கு, அச்சும் வெட்டும் யாரிடம் இருக்கும், அவர்கள் மரபு வடிவம் ஏதாவது உருவத்தில் இருந்தால் அதை நீங்கள் தனியாகப் பயன்படுத்தலாமா. அவர்களுக்குப் படிக்க வரும் மொழியில் ஒரு பக்கம் போதும்.

பெயர் விஷயத்தில் பழைய உதாரணங்களைப் பாருங்கள். பிரான்சின் வலோரிஸில் 1946-இல் மதுரா என்ற மட்பாண்டப் பட்டறைக்குப் போன ஓவியர் பிக்காசோ, அங்கே திருகையில் வனைந்த ஜூல் அகாரின் ஈரக் குடுவைகளை வளைத்துப் புறாவாகவும் பெண்ணாகவும் ஆக்கினார். முத்திரையில் பிக்காசோவும் பட்டறையும் உண்டு, அகார் இல்லை. பாரிஸ் யுனெஸ்கோ தலைமையகத்தில் 1958-இல் நிறைவான இரண்டு பீங்கான் ஓட்டுச் சுவர்கள் வேறு கதை: அங்கே ஓவியர் மீரோவோடு பீங்கான் கலைஞர் யோசெப் யோரென்ஸ் ஆர்ட்டிகாஸின் பெயரும் சேர்ந்தே சொல்லப்படுகிறது. நைஜீரியாவின் அபுஜா பட்டறையில் ஆங்கிலேயக் குயவர் மைக்கேல் கார்டியூவோடு வேலை செய்த நைஜீரியக் குயவர் லாடி குவாலியைப் பாருங்கள். தன் ஊர்த் தண்ணீர்ப் பானையைத் திரியால் ஏற்றிக் கோலம் கீறியது அவர், ஸ்டோன்வேர்ச் சூடும் கிளேஸும் பட்டறையுடையது. பானை அவர் பெயரிலேயே உலகம் சுற்றியது, இன்று அந்நாட்டின் 20 நைரா தாளில் அவர் இருக்கிறார். (கிளேஸ் போட்டதும் அது தண்ணீரைக் குளிரவைக்கும் பானையாக இல்லாமல் போனது. அது தனி விவாதம்.)

வடிவத்தை இறுக்கிப் பிடிக்காமல் விதியை மட்டும் கொடுக்கும் வழியும் உண்டு. பிரிட்டிஷ் சிற்பி ஆண்டனி கோர்ம்லி 1991-இல் மெக்சிகோவின் சொலூலாவில் செங்கல் செய்பவர்களோடு 'ஃபீல்ட்' உருவங்களைச் செய்தபோது, கைக்கு அடங்கும் அளவு, நிற்க வேண்டும், இரண்டு கண் என்பதோடு சரி. மிச்சம் செய்பவர் கைக்கு. உங்கள் மூன்று உருவத்தில் ஒன்றையாவது அப்படி விட்டுப் பாருங்களேன்.

பலகையில் "உதவி" என்று போடாதீர்கள். யார் வனைந்தார், யார் சூளை வைத்தார் என்று ஆள் பெயரோடு போடுங்கள். குடும்பப் பெயர் மட்டும் போட்டால், மண்குழம்பு பூசித் தேய்த்த பெண்கள் அநேகமாக விடுபட்டுப் போவார்கள்.

சூளைக்காவல்:

ஒன்று விட்டுப்போனது, தூசி. சீனக் கலைஞர் ஐ வெய்வெய்யின் பீங்கான் சூரியகாந்தி விதைகளைச் சீனாவின் ஜிங்டெஜென் நகரில் 1,600 பேர் செய்தார்கள். 2010-இல் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத் தரையில் 10 கோடி விதைகளைக் கொட்டினார்கள். மக்கள் மேலே நடந்ததில் தூசி கிளம்பி, சில நாளிலேயே நடக்கத் தடை வந்தது. அங்கே பார்வையாளருக்காவது தடை போட்டார்கள். பட்டறையில் காய்ந்த உருவத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லும்போது அந்தத் தூசியிலுள்ள சிலிக்கா யார் நெஞ்சுக்குப் போகிறது என்று பாருங்கள். தேய்ப்பதை அரைக்காய்ச்சலிலேயே ஈரப் பஞ்சால் முடித்துவிடச் சொல்லுங்கள்.

நீள்விரல்:

துண்டா முழுசா என்பதை அவர்களிடமே கேட்டேன். முழுசாகத்தான், ஆனால் தலை தனி என்கிறார்கள். நாளை பட்டைகள் சுடுகிறோம், அளவு வந்ததும் இங்கே போடுகிறேன்.